காட்டோவை அடித்தது கையா, மாவுக்கட்டா?

பாம்பன்காரன்:
நேற்று இரவு கீழக்கரை மச்சான் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். "தொழில்முறை குத்துச்சண்டையே கைக்கட்டில் ஏமாற்றும் ஆட்டம். 2008இல் மிகேல் காட்டோவை மார்கரிட்டோ ஜெயித்தது கைத்துணியை மாவால் கல்லாக்கிய மாவுக்கட்டால்தான், அது நிரூபணமான விஷயம்" என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நிரூபணமானது எது, ஆகாதது எது என்று தெரியாமல் ஒருத்தன் உழைப்பில் மண்ணை அள்ளிப் போடக் கூடாது.

நடந்தது இதுதான். 2009 ஜனவரி 24, லாஸ் ஏஞ்சலஸ். மார்கரிட்டோவுக்கும் ஷேன் மோஸ்லிக்கும் சண்டை. உடை மாற்றும் அறையில் மார்கரிட்டோவுக்குக் கையுறைக்குள் சுற்றும் கைக்கட்டு போடும்போது மோஸ்லியின் பயிற்சியாளர் நசீம் ரிச்சர்ட்சன் பக்கத்தில் நின்று பார்க்கிறார். விரல்முட்டிக்கு மேல் வைக்கும் துணி மெத்தை கெட்டியாக இருக்கிறது என்று சந்தேகம். பிரிக்கச் சொன்னார். பிரித்தார்கள், அந்த மெத்தையை அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொண்டார்கள், புதுக்கட்டு போட்ட பிறகுதான் மேடை ஏறினார்கள். ஆக, அந்தத் துணியோடு ஒரு குத்துகூட விழவில்லை. காட்டோ சண்டை அதற்கு ஆறு மாதம் முந்தி, 2008 ஜூலை 26, லாஸ் வேகஸ். அன்றைக்குக் கட்டைப் பிரித்து உள்ளே என்ன இருந்தது என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. சோதிக்காத கட்டுக்குள் மாவு இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கீழக்கரை மச்சான்:
அண்ணே, ஒரு திருடன் இன்றைக்குக் கையும் களவுமாக மாட்டினால், போன மாதம் பக்கத்து வீட்டில் காணாமல் போன சங்கிலிக்கும் அவனைத்தானே பிடித்துக் கேட்பார்கள்? காட்டோ அதுவரைக்கும் 32 சண்டை, ஒன்றில்கூடத் தோற்றதில்லை. 11ஆவது ரவுண்டில் அடி தாங்காமல் தானாக முழங்கால் போட்டு உட்கார்ந்தார். முகம் கிழிந்து ரத்தம் ஒழுகியது. ஆறு மாதம் கழித்து மார்கரிட்டோவின் கட்டைப் பிரித்து, சுத்தமான துணியில் கட்டி அனுப்பினார்கள். என்ன ஆச்சு? 37 வயது மோஸ்லியிடம் 9ஆவது ரவுண்டில் விழுந்தார். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

பாம்பன்காரன்:
தோற்றதெல்லாம் ஆதாரமா? மோஸ்லி கிட்டே போய் அணைத்து அணைத்து அடித்தார், மார்கரிட்டோவுக்குக் கையை வீச இடமே கொடுக்கவில்லை. அது உத்தி. திருடன் கதை வேண்டாம், நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். துணி பிடிபட்டது சண்டைக்கு முன்னாடி. காட்டோ சண்டையில் பிடிபட்டது எது?

தங்கச்சிமடம் டீச்சர்:
நான் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று கேட்கிறேன். அந்த மெத்தையை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் அல்லவா? கலிபோர்னியா நீதித்துறை ஆய்வகம் அதில் கால்சியமும் கந்தகமும் இருந்ததாகச் சொன்னது. மாவுக்கட்டு மாவில் இருப்பதும் அதுதானே? குத்துச்சண்டையைக் கண்காணிக்கும் கலிபோர்னியா ஆணையம் பிப்ரவரி மாதமே மார்கரிட்டோ, அவருடைய பயிற்சியாளர் கபெட்டியோ இருவரின் உரிமத்தையும் ரத்து செய்தது. கபெட்டியோ "தவறுதலாக வேறு மெத்தையை எடுத்து வைத்துவிட்டேன்" என்றார். மார்கரிட்டோ "எனக்குத் தெரியாது" என்றார். தன் கையில் கல் மாதிரி ஒன்றை வைத்துக் கட்டுகிறார்கள், அது தெரியாது என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

வாலிநோக்கம் உப்பளத்தான்:
டீச்சர், கால்சியமும் கந்தகமும் இருந்தாலே மாவுக்கட்டு ஆகிவிடாது. உப்பளத்தில் 20 வருஷமாக நிற்கிறவன் சொல்கிறேன். கடல்தண்ணீரைப் பாத்தியில் விட்டுக் காய வைத்தால் உப்புக்கு முன்னால் அடியில் படிவது ஜிப்சம். அதுவும் கால்சியம், கந்தகம்தான். காலில் குத்தும், பளபளவென்று ஊசி மாதிரி இருக்கும். அதை எத்தனை முறை நனைத்தாலும் கட்டியாக இறுகாது. அதைச் சூடுபடுத்தி உள்ளே இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதியை விரட்டினால்தான் மாவு. அந்த மாவு மறுபடி தண்ணீர் பட்டால் இறுகும். ஆய்வகம் சொன்னது பொருளின் பெயரை. இறுகுகிற நிலையில் இருந்ததா என்பது வேறு கேள்வி.

பாம்பன்காரன்:
அப்படிச் சொல்லுங்க அண்ணே! இதைத்தான் இரண்டு நாளாகக் கத்துகிறேன்.

கீழக்கரை மச்சான்:
நீங்கள் கத்தியது வேறு. நீங்கள் சொன்னது துணி சண்டைக்கு முன்னாடி பிடிபட்டது என்று. உப்பளத்து அண்ணன் சொல்வது துணியில் இருந்தது மாவே இல்லாமலும் இருக்கலாம் என்று. மாவு இல்லை என்றால் ஏன் பிடித்தார்கள்? பிடித்தார்கள் என்றால் மாவு இருந்தது. இரண்டில் ஒன்றில் நில்லுங்கள்.

பாம்பன்காரன்:
இரண்டிலும் நிற்பேன். மாவோ சுண்ணாம்போ, எதுவாக இருந்தாலும் சரி, அந்தத் துணி மேடை ஏறவே இல்லை.

மாவுக்கட்டு கம்பவுண்டர்:
ராமநாதபுரத்தில் எலும்பு முறிவுப் பிரிவில் கட்டு போடுவதுதான் என் தொழில், அதனால் சொல்கிறேன். மாவுத்துணிச் சுருளை வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். குமிழி நின்றதும் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து லேசாகப் பிழிய வேண்டும். கையில் எடுக்கும்போது பால் மாதிரி ஒழுகும். காலில் சுற்றிவிட்டால் கொஞ்ச நேரத்தில் சூடு கிளம்பும். "சுடுதுண்ணே" என்று பிள்ளைகள் அழும். ஐந்து பத்து நிமிடத்தில் தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். முழுசாகக் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உலர்ந்த மாவைத் துணியில் தூவிவிட்டு, வியர்வை பட்டு இறுகட்டும் என்று விட்டால் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். மெல்லிய பூச்சாக இருந்தால் நாலு குத்தில் நொறுங்கி மாவாகவே உதிரும். ஆனால் துணியை முன்கூட்டியே நனைத்து, மடித்து, இறுக வைத்து எடுத்து வந்தால் கதை வேறு. துணியின் இழை மாவைப் பிடித்துக்கொள்ளும். உடைந்தாலும் சிதறாது. மெத்தைக்குள் ஒளிக்கவும் முடியும்.

கீழக்கரை மச்சான்:
பார்த்தீர்களா? கம்பவுண்டர் அண்ணனே சொல்லிவிட்டார்.

மாவுக்கட்டு கம்பவுண்டர்:
முடியும் என்றுதான் சொன்னேன் தம்பி. செய்தார்கள் என்று சொல்லவில்லை.

பாம்பன்காரன்:
அதை அவருக்குப் பெரிய எழுத்தில் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்:
முடியுமா முடியாதா என்று மட்டும் பேசினால் பில்லி காலின்ஸ் கதையை என்ன செய்வது? 1983 ஜூன் 16, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அந்தப் பையன் தோற்றதே இல்லை. எதிரில் லூயிஸ் ரெஸ்டோ. பத்து ரவுண்டும் அடி வாங்கினான், இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. சண்டை முடிந்து ரெஸ்டோவின் கையைக் குலுக்கப் போன காலின்ஸின் அப்பா கையுறையைத் தொட்டுவிட்டு அப்படியே நின்றார். உள்ளே பஞ்சு குறைந்திருந்தது. ரெஸ்டோவின் பயிற்சியாளர் பனாமா லூயிஸ் பஞ்சில் ஒரு பகுதியை உருவியிருந்தார். இருவருக்கும் 1986இல் சிறை. ஏறக்குறைய 25 வருஷம் கழித்து ரெஸ்டோ, கைக்கட்டையும் மாவுக்கரைசலில் நனைத்திருந்தார்கள் என்று ஒத்துக்கொண்டார். அதுவரைக்கும் அந்த மாவைப் பற்றி யாருக்காவது தெரியுமா? அன்றைக்கும் ஒருவர் "கட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா" என்று கேட்டிருப்பார். காலின்ஸுக்கு அதற்குப் பிறகு பார்வையே சரியாக இல்லை. அடுத்த மார்ச்சில் கார் விபத்தில் போய்விட்டான். வயது 22.

பாம்பன்காரன்:
டீச்சர், காலின்ஸுக்காக எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அங்கே கையுறை கையில் கிடைத்தது. நீதிமன்றம் போனது. குற்றவாளியே வாயைத் திறந்தான். காட்டோ விஷயத்தில் இதில் எது இருக்கிறது?

கீழக்கரை மச்சான்:
படம் இருக்கிறது. 2008 சண்டை முடிந்ததும் எடுத்த படம். மார்கரிட்டோவின் கைக்கட்டு கிழிந்து, உள்ளே சிவப்புக் கறை தெரிகிறது. 2011 மறுசண்டைக்கு முன்னால் காட்டோவே அந்தப் படத்தைக் காட்டித்தான் குற்றம் சாட்டினார். அடி வாங்கியவரே சொல்கிறார். பாம்பனில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இல்லை என்கிறீர்கள்.

பாம்பன்காரன்:
நீ மட்டும் நியூயார்க்கிலா உட்கார்ந்திருக்கிறாய்? படத்தைத் தொட்டுப் பார்த்துக் கெட்டியா மென்மையா என்று சொல்ல முடியுமா? ரத்தம் காய்ந்தாலும் துணி விறைக்கும். உப்புத்தண்ணீரில் நனைந்த கைலியைப் படகு மேல் காயப்போட்டுப் பார், சாயங்காலம் தகரம் மாதிரி நிற்கும்.

கீழக்கரை மச்சான்:
நீங்கள் "நீ" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். நான் இன்னும் அண்ணே என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாம்பன்காரர்கள் வாதத்தில் தோற்றால் மரியாதை குறையும் என்று தெரியும். தேவிபட்டினம் கபடியிலும் அப்படித்தானே நடந்தது?

பாம்பன்காரன்:
கபடியை இழுக்காதே. தொடையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு பாடி வந்தது உங்கள் பையன்கள். எங்கள் பையன் பிடித்த பிடி வழுக்கி, கை முறிந்து, மூன்று மாதம் கடலுக்குப் போகவில்லை. அன்றைக்கு உன் நியாயம் எங்கே போனது?

கீழக்கரை மச்சான்:
எண்ணெயை யார் தொட்டுப் பார்த்தது? நடுவர் துடைத்துப் பார்த்தாரா? சோதிக்காத தொடையில் எண்ணெய் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

வாலிநோக்கம் உப்பளத்தான்:
அந்தப் போட்டியை நானும் பார்த்தேன். எண்ணெய் இருந்தது. பளபளத்தது.

கீழக்கரை மச்சான்:
வியர்வையும் பளபளக்கும் அண்ணே.

பாம்பன்காரன்:
பேச்சை மாற்றாதே. மாவு என்று சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் நம்பினால் ஜாக் டெம்ப்சியையும் திருடன் ஆக்க வேண்டும். 1919 ஜூலை 4, டொலிடோவில் ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை விழ வைத்தார். 45 வருஷம் கழித்து, செத்துப்போன மேனேஜர் கியர்ன்ஸின் பெயரில் ஒரு பத்திரிகைக் கட்டுரை வருகிறது, "பவுடர் டப்பாவில் மாவை வைத்து டெம்ப்சியின் ஈரக்கட்டில் தூவினேன்" என்று. டெம்ப்சி வழக்குப் போட்டார். டெம்ப்சியோடு சண்டை போட்டுப் பிரிந்தவர் அந்தக் கியர்ன்ஸ். பிரிந்தவன் பேச்சை வைத்து ஒருத்தன் கையை அசிங்கப்படுத்தலாமா? 2020இல் டியான்டே வைல்டர், டைசன் ஃப்யூரியிடம் தோற்றார். முதலில் உடுத்தி வந்த அலங்கார உடை கனம் என்றார், பிறகு ஃப்யூரியின் கையுறையில் கோளாறு என்றார், தன் பயிற்சியாளரையே குற்றம் சொன்னார். அடுத்த வருஷம் மறுபடி மோதி 11ஆவது ரவுண்டில் விழுந்தார். அப்போது எந்த உடை கனம்?

தங்கச்சிமடம் டீச்சர்:
வைல்டர் சொன்னது பொய் என்பதால் ரிச்சர்ட்சன் பிடித்ததும் பொய் ஆகிவிடுமா? அந்த மனிதர் 2001இலும் பெலிக்ஸ் டிரினிடாட் கைக்கட்டை ஆட்சேபித்து மறுபடி போட வைத்தவர். எந்தக் கட்டு சரி, எது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாம்பன்காரன்:
ரிச்சர்ட்சனை நான் எங்கே குறை சொன்னேன்? அவர் கண்ணுக்குக் கும்பிடு போடுகிறேன். அவர் பிடித்தது எப்போது? சண்டைக்கு முன்னாடி. அங்கேதான் நிற்கிறேன்.

ஏன் இப்படி நிற்கிறேன் என்று கேட்டால், என் கை தெரிந்தால் புரியும். நான் குத்துச்சண்டை பழகிய கொட்டகையில் காஸ் துணி வாங்கக் காசு இருக்காது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவோம். கட்டைவிரலில் ஒரு வளையம், மணிக்கட்டில் மூன்று சுற்று, அப்புறம் விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் விட்டு எடுத்து, முட்டி மேல் மடித்து வைத்து மறுபடி சுற்று. அந்தத் துணி உப்புக்காற்றில் காய்ந்து விறைத்திருக்கும். ஒரு போட்டியில் நான் இரண்டாவது ரவுண்டில் எதிராளியை விழ வைத்தேன். உடனே அவன் ஆட்கள் மேடை ஏறி, "கட்டுக்குள் என்னவோ இருக்கு" என்றார்கள். எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலால் என் கட்டை வெட்டினார்கள். பிளேடு தோலில் இழுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. உள்ளே இருந்தது வேட்டித்துணி, என் வியர்வை. அவ்வளவுதான். ஒருத்தர்கூட "தப்பா நினைச்சிட்டோம்" என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பட்டப்பெயர் "மாவுக்கட்டு". என் மகனைக்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மாவுக்கட்டு கம்பவுண்டர்:
அது தெரியாது அண்ணே. இந்தப் பெயரில் எழுதுவது என் தொழிலை வைத்துத்தான், வேறொன்றும் இல்லை.

பாம்பன்காரன்:
உங்களைச் சொல்லவில்லை.

கீழக்கரை மச்சான்:
உங்கள் கையை வெட்டியது தப்பு, நூறு தடவை தப்பு. ஆனால் உங்கள் துணியில் ஒன்றும் கிடைக்கவில்லை. மார்கரிட்டோ துணியில் கிடைத்தது. நீங்கள் ஏன் உங்களை அவரோடு சேர்த்துக்கொள்கிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

பாம்பன்காரன்:
கிடைத்தது 2009 துணியில். காட்டோ சண்டை 2008. நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

வாலிநோக்கம் உப்பளத்தான்:
நான் நாளைக்குப் பாத்தியிலிருந்து ஜிப்சம் எடுத்து, இரும்புச் சட்டியில் வறுத்து, காஸ் துணியில் தூவிக் கையில் கட்டி மணல்மூட்டையைக் குத்திப் பார்க்கப் போகிறேன். இறுகுகிறதா உதிர்கிறதா என்று இங்கேயே எழுதுகிறேன்.

மாவுக்கட்டு கம்பவுண்டர்:
கையைப் பார்த்துக் குத்துங்கள் அண்ணே. கட்டை நனைத்த பிறகு சூடு வந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

கீழக்கரை மச்சான்:
இறுகினால் பாம்பன் அண்ணன் ஒத்துக்கொள்வாரா?

பாம்பன்காரன்:
இறுகினால் மாவு இறுகும் என்று ஒத்துக்கொள்கிறேன். காட்டோ சண்டையில் அந்தக் கட்டைப் பிரித்தவர் யார் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். அந்த விளக்கெண்ணெய்க்கும் பதில் வரவில்லை.