புதுப்பிப்பு: உச்சிப்புளி மனையை அளந்தாகிவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் அப்பா வாங்கிப் போட்ட 20 சென்ட் இடத்தில் வீடு கட்டப் போகிறோம், தரை சமமாகத்தானே இருக்கிறது, பிளான் போடும் முன் டோட்டல் ஸ்டேஷன் (தூரம், கோணம், உயரம் அளக்கும் நில அளவைக் கருவி) வைத்து அளக்கத்தான் வேண்டுமா என்று. அளந்துவிடுங்கள் என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சமம் என்று நான் நம்பிய தரையில் தென்மேற்கு மூலைக்கும் வடகிழக்கு மூலைக்கும் 85 செ.மீ. வித்தியாசம்! மணல் தரையில் அது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கால் மீட்டர் உயர இடைவெளியில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) போட்டுக் கொடுத்ததும்தான் புரிந்தது, வீட்டுக்கு நாங்கள் குறித்திருந்த இடமே பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் நேராக அங்கேதான் வந்து நிற்கும். வீட்டை மேட்டுப் பக்கம் தள்ளிவிட்டோம். பள்ளத்தைத் தூர்க்கவில்லை, மழைநீர் இறங்க அப்படியே விடுகிறோம். உப்புத் தண்ணீர் ஊரில் அது பெரிய விஷயம்.

அப்புறம் எல்லை. பனை வரிசைதான் எல்லை என்று இருந்தோம். புலப்படத்தை (மனையின் எல்லை அளவுகள் உள்ள அரசு வரைபடம்) வைத்து அளந்தால் எல்லைக் கல் நாலடி தள்ளி, மணலுக்குள் கிடந்தது. பக்கத்து மனைக்காரரும் கூட நின்று பார்த்தார், பிரச்சினை இல்லை.

கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை விதி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கடலோரத்தில் உயர் அலைக்கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது கடல் நீர் எட்டும் உச்ச எல்லை) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அது பொருந்தும். எங்கள் மனை அந்த 500 மீட்டரையும் தாண்டி, கடலிலிருந்து வெகு தள்ளி இருக்கிறது.

கைபேசி காட்டும் உயரத்தை மட்டும் நம்பாதீர்கள், மீட்டர் கணக்கில் பிசகும். அடுத்து மண் பரிசோதனை.