இணையம் அறிவை மழுக்குகிறதா? கட்டுரை இரண்டாம் பத்தியில் நிற்கிறது

கேள்வி: கல்லூரி முதலாமாண்டு படிக்கிறேன். இணையத்தால் புத்தி மழுங்குகிறது என்ற வாதத்தை மறுத்து எழுத வேண்டும். எழுத்து வந்தால் மறதி பெருகும் என்று பிளேட்டோவின் பைட்ரஸ் என்ற உரையாடல் நூலில் சாக்ரடீஸ் சொல்வதை முதல் பத்தியில் வைத்திருக்கிறேன். அந்தக் கவலையே எழுத்து வழியாகத்தானே நமக்கு வந்து சேர்ந்தது! இதற்குமேல் நகர மாட்டேன் என்கிறது. எதிர்த்தரப்பை எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்ளலாம்?

பதில் 1: தொடக்கம் அருமை தம்பி. ஆனால் "அன்றும் பயந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்பது வாதம் ஆகாது. சாக்ரடீஸ் பயந்தது ஓரளவு நடந்தது. நெடுங்கதைகளை மனத்திலேயே சுமந்த பாடகர் மரபுகள் பல தேய்ந்துவிட்டன. அந்த இழப்பை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள், எதிராளிக்கு வேலை இருக்காது.

பதில் 2: 2011-இல் சயின்ஸ் இதழில் வந்த உளவியலாளர் பெட்ஸி ஸ்பாரோ குழுவின் ஆய்வைப் படியுங்கள். தட்டச்சு செய்தது கணினியில் பத்திரமாக இருக்கும் என்று நம்பியவர்களுக்கு அது குறைவாகவே நினைவிருந்தது. எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதோ நன்றாக நினைவிருந்தது. இது மழுங்கலா, இடமாற்றமா? அங்கேதான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

கேட்டவர்: இருவருக்கும் நன்றி. இரண்டாம் பத்தியை இழப்பிலிருந்தே தொடங்குகிறேன். கோப்புறை விஷயம் மூன்றாவதில். எழுதியதும் இங்கேயே போடுகிறேன், தயங்காமல் குறை சொல்லுங்கள்.