சுண்டிழை: வேகத் தசையிழைக்கு ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

வேகமாகச் சுருங்கும் தசையிழைக்கு (fast-twitch fibre) ‘விரைதுடிப்புத் தசைநார்’ என்ற தங்கள் முன்மொழிவில் எனக்கு இரண்டு தடைகள். தசைநார் என்றதும் எலும்பை எலும்போடு பிணைக்கும் நாரையும் பலர் நினைக்கிறார்கள். எனவே ‘இழை’ என்றே வைத்துக்கொள்வோம். ‘துடிப்பு’தான் பெரிய சிக்கல். இதயம் துடிக்கும், நாடி துடிக்கும். துடிப்பு என்பது ஓயாமல் தொடர்வது. இங்கே சொல்லவருவதோ ஒரு தூண்டலுக்கு ஒரே ஒருமுறை வெடுக்கென்று சுருங்கித் தளர்வது. வேக இழை ஏறத்தாழ 50 மில்லிநொடியில் விசையின் உச்சத்தைத் தொட்டுவிடும். மெதுவாகச் சுருங்கும் மற்ற வகை இழைக்கு அதைப்போல் இருமடங்கு ஆகும்.

கேரம் காயை விரல் என்ன செய்கிறது? சுண்டுகிறது. காலில் நரம்பு சுண்டி இழுக்கிறது என்றும் சொல்கிறோம். சுண்டு, இழை: சுண்டிழை. வினைத்தொகை, நான்கே எழுத்து.

வேக இழைக்கு வெள்ளிழை, மெதுவானதற்குச் செவ்விழை என்று அக்கா சொன்னது கேட்க அழகுதான். கோழிக்குப் பொருந்தவும் செய்கிறது: நொடிநேரம் படபடத்துப் பறக்கும் நெஞ்சுக்கறி வெள்ளை, நாள்முழுதும் நிற்கும் கால்கறி சிவப்பு. ஆனால் புறாவின் நெஞ்சைப் பாருங்கள். கருஞ்சிவப்பு, இருந்தும் வேக இழைகள்தான். நிறம் தருவது தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம். வேகம் தருவது, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியை விரைந்து சிதைக்கும் மயோசின் என்ற புரதம். இரண்டும் வேறு. நிறத்தை வைத்துப் பெயரிட்டால் புறாவிடம் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது, எதிர்ச்சொல். சுண்டுவதே சட்டென்று செய்வது; ‘மெதுசுண்டிழை’ முரணாகிவிடும். மெதுவான இழை களைக்காமல் நெடுநேரம் உழைப்பதால் அதை ‘நீடிழை’ எனலாமா? நீடுதல் காலத்தைக் குறிக்கும், நீளத்தை அல்ல. அப்போது வேகமும் நீடிப்பும் சேர்ந்த, இடைப்பட்ட இரண்டு-ஏ (IIa) வகை வேக இழைக்கும் பெயர் தானாக அமைகிறது: நீடுசுண்டிழை.

பால் சுண்டுவதுபோல் தசை வற்றுவதாகப் பொருள்படுமோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அதற்குத் தசைநலிவு என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் குழப்பம் வராது என்றே நம்புகிறேன். எழுதியும் பார்த்தேன்: “2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உசைன் போல்ட்டைப் போன்றோர் நம்பியிருப்பது சுண்டிழைகளை. மாரத்தான் ஓடுவோர் நம்பியிருப்பது நீடிழைகளை.” வாய்க்கு இடறவில்லை.

வேக இழையின் இன்னொரு வகையான இரண்டு-எக்ஸுக்குத்தான் (IIx) பெயர் இன்னும் பிடிபடவில்லை. அது மிக வேகமானது, மிக விரைவில் களைப்பது. ‘கடுஞ்சுண்டிழை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘கடு’ விரைவையும் குறிக்கும் என்றாலும் இன்று கடினம் என்றே படுகிறது. வேறு அடை தோன்றினால் சொல்லுங்கள்.