பார்டர் கோலி நாய்க்குட்டிக்கு ஆடுகளை முன்னால் ஓட்டப் பழக்குவது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். தாராபுரம் பக்கம் கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) மேச்சேரி செம்மறி மேய்க்கிறோம். 11 மாதப் பார்டர் கோலி பெட்டை ஒன்று இருக்கிறது. ஆடுகளைச் சுற்றி வளைத்து என்னிடம் கொண்டுவருவதில் கெட்டிக்காரி. படு என்றால் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

சிக்கல் முன்னால் ஓட்டுவதில்தான். பட்டியிலிருந்து காட்டுக்குப் பத்தச் சொன்னால் நாலடி பின்னால் நடக்கும். அப்புறம் கிளுவை வேலியோரமாக ஓடி, முன்னால் போய், மொத்த ஆட்டையும் என் காலடிக்கே திருப்பிவிடும். மேய்ப்பவருக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பது இந்த இனத்தின் ரத்தத்தில் ஊறியது, தெரியும். நீளக் கயிறு கட்டி நானும் பக்கவாட்டில் நடந்து பார்க்கிறேன். வேலியோரம் பரவாயில்லை, வெட்டவெளியில் பழைய கதைதான்.

பழக்கியவர்கள் சொல்லுங்கள்: கயிற்றை எப்போது அவிழ்ப்பது? ஓட்டப் பழக்கினால் வளைத்துக் கொண்டுவரும் குணம் கெடுமா? கிடா திரும்பி முறைத்தால் மூக்கைக் கவ்வப் போகிறது; அதட்டினால் வேலை செய்யும் ஆசையே போய்விடுமோ என்று பயம். வெயில் ஏறும் முன்பு மட்டும்தான் பழக்குகிறேன்.

ராஜபாளையம், கோம்பை வாங்கச் சொல்லாதீர்கள். காவலுக்கு அவை சரி, எனக்கு வேண்டியது ஓட்டுகிற நாய்.