ரோம் சான்ட் இக்னாசியோ விதானம்: ட்ரைபாட் இல்லாமல் நேராக எடுக்க முடியுமா?

முக்காலி:
ஆந்த்ரேயா போட்சோ வரைந்த விதானத்துக்காகவே சான்ட் இக்னாசியோ தேவாலயம் போகிறேன். ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், 16-35 லென்ஸ். ட்ரைபாட் எடுத்துப்போகவில்லை. அண்ணாந்து கையில் பிடித்து எடுத்தால் படம் ஒரு பக்கம் சாய்கிறது, ஜன்னல்கள் வெளுத்துப்போகின்றன. என்ன செய்யலாம்?

அகலலென்ஸ்:
கேமராவைத் தரையில் மல்லாக்க வையுங்கள். வியூஃபைண்டர் பின்பக்கம் துருத்திக்கொண்டு இருப்பதால் சும்மா வைத்தால் சாயும். அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பை ஒன்றை அடியில் கொடுங்கள். லென்ஸ் நேரே மேலே பார்க்கும்போது கேமராவின் உள்மட்டம் பெரும்பாலும் வேலை செய்யாது. லென்ஸ் மூடியின்மேல் காசு அளவு வட்ட ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை பையை அமுக்குங்கள். மூடியைப் பூட்டாமல் சும்மா மேலே வையுங்கள். பூட்டினால், கழற்றும்போது சரிசெய்த மட்டம் கலைந்துவிடும்.

ஃபோகஸை முன்கூட்டியே விதானத்தில் ஒரு உருவத்தின் மீது பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஸ்டெபிலைசேஷன் (அதிர்வுக் குறைப்பு) அணைத்து, 10 விநாடி டைமர். 16 மி.மீ.யில் உங்கள் தலையே படத்தில் விழும். படத்தின் அகலம் குறைந்த பக்கமாக இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். திருப்பலி நேரத்தில் வேண்டாம், காவலர் வேண்டாம் என்றால் கேமராவை உடனே தரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தூண்நிழல்:
மேலே சொன்னது சரி, ஆனால் இந்தத் தேவாலயத்தில் எங்கே வைக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 1694ல் முடிந்த அந்த ஓவியத்தில் நிஜத் தூண்களின் தொடர்ச்சியாகப் பொய்த் தூண்கள் மேலே எழும்புகின்றன. நடுக்கூடத் தரையில் ஒரு மஞ்சள் பளிங்கு வட்டம் இருக்கும். போட்சோ கணக்குப் போட்ட பார்வைப்புள்ளி அதுதான். அங்கிருந்து விலகினால் வரைந்த தூண்கள் கவிழ்ந்து விழுவதுபோல் தெரியும். லென்ஸ் குறை அல்ல அது, மென்பொருளில் நிமிர்த்தவும் முடியாது.

குவிமாடத்துக்கு வேறு முறை. அது நிஜக் குவிமாடமே அல்ல, 1685ல் துணியில் வரைந்த, சுமார் 17 மீட்டர் அகலமுள்ள தட்டைப் படம். நேர் அடியில் போய் மல்லாக்க வைத்தால் ஏமாற்று வெளிப்பட்டு, கோணலான கருத்த வட்டம்தான் கிடைக்கும். பலிபீடப் பக்கம் போகும் வழியில் அதற்கெனத் தரையில் இன்னொரு அடையாளம் உண்டு. அங்கிருந்து சாய்வாக, 35 மி.மீ. பக்கம் வைத்து எடுங்கள்.

பார்வையாளர்கள் குனிந்து விதானத்தைப் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடியில் தெரிவதைப் படம்பிடிக்காதீர்கள். இடவலம் மாறும், சாதாரணக் கண்ணாடியென்றால் கோடுகள் இரட்டையாகவும் விழும்.

ராஃபைல்:
ஜன்னல் வெளுக்காமல் இருக்க: ரா (கேமரா பதப்படுத்தாத கோப்பு), மேனுவல் எக்ஸ்போஷர், இரண்டு ஸ்டாப் வெளிச்ச இடைவெளியில் 3 அல்லது 5 பிரேம். பிறகு மென்பொருளில் அவற்றை ஒரே படமாகச் சேர்க்கலாம், அதுதான் எச்டிஆர். காசு போட்டால் எரியும் விளக்கு அங்கே உண்டு. வரிசை ஓடும்போது யாராவது காசு போட்டால் வெளிச்சமும் நிறமும் மாறி, பிரேம்கள் சேராது. முழு வரிசையையும் திரும்ப எடுங்கள். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் வேண்டாம், 4000 கெல்வின் பக்கம் நிறுத்தி வையுங்கள். மஞ்சள் விளக்கும் ஜன்னல் வெளிச்சமும் கலப்பதால் ஆட்டோ ஒவ்வொரு பிரேமிலும் ஒரு முடிவெடுக்கும்.

கையில் பிடித்தே ஆகவேண்டும் என்றால் சைலண்ட் ஷட்டரை (சத்தமில்லாத மின்னணு ஷட்டர்) பயன்படுத்தாதீர்கள். இத்தாலியிலும் நம் ஊர்போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். வேகமான ஷட்டரில் எல்இடி விளக்கின் வெளிச்சம் பட்டைபட்டையாக விழும். 1/50 விநாடியைவிட வேகமாகப் போகாதீர்கள்.

முக்காலி:
நன்றி. மேல்நோக்கி எடுத்த பிரேம்கள் சில நெடுக்காகவும் சில குறுக்காகவும் பதிவாகின்றன. கேமரா பழுதா?

ராஃபைல்:
பழுது இல்லை. லென்ஸ் மேலே பார்க்கும்போது எது மேல்பக்கம் என்று கேமராவின் உணரிக்குத் தெரியாது. மெனுவில் ஆட்டோ ரொட்டேஷனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எச்டிஆர் சேர்க்கும்போது சில மென்பொருள் அவற்றை ஒரே வரிசையாக ஏற்காது.