புதுக் கொம்பியூட்டருக்கு மாறினபோது: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சி, தட்டச்சுக் கடை

வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. எங்கள் கடை மெசினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, புரொசசரும் பழசு. மைக்ரோசொப்டின் கணக்குப்படி அதில் வின்டோஸ் 11 ஏறாது. எஸ்எஸ்டியும் 16 ஜிபி றாமும் உள்ள புது மெசின் ஒன்று எடுத்தோம். வாங்குவது லேசு. பழசுக்குள்ளே கிடக்கிறதை மாற்றுவதுதான் வேலை.

எங்களிடம் கிடக்கிறது ஊர்ச்சனத்தின் கடிதங்கள். காணிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துபோனவர்கள் பிரதேச செயலகத்துக்கு எழுதினவை, வீட்டுத்திட்ட முறைப்பாடுகள், எல்லாவற்றையும் விடக் கூடுதலாகக் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற அம்மாமாரின் கடிதங்கள். 2017 பெப்ரவரி 20 இல் கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டம் தொடங்க முன்னமே அவர்கள் கடைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். கடிதம் பெரும்பாலும் ஒன்றுதான், திகதியும் விலாசமும்தான் மாறும். "தம்பி, போனமுறை அடிச்சதையே எடு" என்பார்கள். அந்தப் போனமுறைக் கோப்பு இல்லாமல் போனால், மகனைக் கடைசியாக எங்கே, எந்த உடுப்போடு கண்டேன் என்று அந்த அம்மா முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டிவரும். அதை இன்னொருதரம் சொல்ல வைக்கக்கூடாது. என் முழுக் கவனமும் அதிலேதான் இருந்தது.

புரோகிராம்களைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்ல வேணும். புரோகிராம் பைல்ஸ் போல்டரை அப்படியே கொப்பி பண்ணிப் போட்டால் வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாது. நிறுவும்போதே அநேகமான புரோகிராம்கள் ரெஜிஸ்ட்ரி என்ற வின்டோசின் பதிவேட்டில் தங்கள் பதிவை எழுதும், வேறு போல்டர்களிலும் துண்டு துண்டாகப் பொருள் வைக்கும். ஆகவே வேர்ட், பிரிண்டர் டிரைவர், ஸ்கானர் எல்லாவற்றையும் புதிதாகவே நிறுவ வேணும். லைசென்ஸ் விபரங்களைப் பழைய மெசின் ஓடும்போதே எழுதி வையுங்கோ.

கோப்புகளுக்குப் பழைய ஹாட் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேசில் போட்டு ரோபோகொப்பியால் இழுத்தேன். அது வின்டோசிலேயே இருக்கிற கட்டளை. இடையில் கரண்ட் போனாலும் திரும்ப ஓடவிட்டால், ஏற்கெனவே வந்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். எங்கள் பக்கத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒரு கடிதத்தைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. கோப்பு பழுதாகவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்தது, புது மெசினில் பாமினி இல்லை, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கில் வின்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பொன்ட்ஸ் போல்டரிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து நிறுவினதும் தமிழ் திரும்பி வந்தது. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறிமுறை வருவதற்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த எதற்கும் இதுதான் கதி. அந்தக் கடிதங்களை இப்போது ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி, இரண்டு வடிவத்தையும் வைத்திருக்கிறேன்.

புதுக்குடியிருப்பு, ஸ்டூடியோ

அண்ணை சொன்ன எழுத்துருப் பிரச்சினை எங்களுக்கும் வந்தது, கலியாண அல்பத்தில் பெயர் எழுதின பக்கங்களில். ஆனால் எங்களைக் கூடக் கலங்க வைத்தது லைட்ரூம், படங்களை அடுக்கித் திருத்துகிற புரோகிராம். படங்கள் எல்லாம் வந்துவிட்டன, அதன் பட்டியல் கோப்பான கற்றலொக்கும் வந்துவிட்டது, திறந்தால் ஒவ்வொரு படத்திலும் 'காணவில்லை' அடையாளம். கற்றலொக்கில் படம் இருக்காது, படம் எங்கே இருக்கிறது என்ற பாதைதான் இருக்கும். பழைய மெசினில் டி டிரைவ், புதியதில் ஈ. வின்டோசின் டிஸ்க் மனேஜ்மென்ரில் டிரைவ் எழுத்தை டி என்று மாற்றினதும் எல்லாம் சரியாகிவிட்டது.

2009 இல் இந்தப் பக்கத்துச் சனத்தின் அல்பங்கள் போய்விட்டன. வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்புகிற ஒரு மங்கின படத்தை வைத்துத்தான் செத்தவரின் முகத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிறோம். அப்படித் திருத்தின படங்களை மூன்று இடத்தில் வைக்கிறேன். வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோகிறவர்கள் அது எப்ஏடி32 என்ற போர்மட்டில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டின ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதைக் கவனியுங்கோ. எக்ஸ்எப்ஏடிக்கு மாற்றினால் ஏற்கும்.

மாங்குளம், ஆசிரியை

என்னுடையது லப்டொப். மதர்போர்ட் பழுதானதால், திருத்துகிற கடையில் டிஸ்க்கை மட்டும் கழற்றித் தந்தார்கள். வேறு மெசினில் கொழுவினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. நான் பூட்டவேயில்லை! மைக்ரோசொப்ட் கணக்கோடு தொடங்குகிற பல புது லப்டொப்புகளில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற குறியாக்கம் தானாகவே போட்டுக்கொள்ளுமாம். சாவி அந்தக் கணக்கில்தான் இருந்தது, போனில் உள்ளே போய் எடுத்தேன். கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் நினைவிருந்தபடியால் பிள்ளைகளின் வினாத்தாள்கள் தப்பின.

கிளிநொச்சி, தட்டச்சுக் கடை

ரீச்சர், அந்தச் சாவியை ஒரு தாளில் அச்சடித்துச் சான்றிதழ்களோடு வையுங்கோ. பழைய டிஸ்க்கை அழித்துவிடலாமா என்று இன்னொருவர் தனியாகக் கேட்டிருந்தார். கொப்பி முடிந்தது என்று திரை சொன்னால் போதாது தம்பி. ஒவ்வொரு போல்டரிலும் சில கோப்புகளைத் திறந்து வாசித்துப் பாருங்கோ, ஒன்றை அச்சடித்தும் பாருங்கோ. என்னுடைய பழைய டிஸ்க் கடை அலுமாரியில் அப்படியே இருக்கிறது, இன்னும் அழிக்கவில்லை.