பொலேரோ பிக்கப்பில் ஃபாக் லைட்: ஹெட்லைட் ஒயரிலேயே ஜாயின்ட் போடலாமா?

மலைப்பாதை_லோடு:
வண்டி பொலேரோ பிக்கப், 12 வோல்ட். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ராத்திரியில் காய்கறி லோடு. பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் ரோடே தெரியவில்லை. பம்பரில் மாட்ட 55 வாட் மஞ்சள் ஹாலஜன் ஃபாக் லைட் ரெண்டும், பின்னாடி மூட்டை ஏற்ற 18 வாட் எல்.இ.டி. ஒன்றும் வாங்கியாச்சு. ஹெட்லைட் ஒயரை உரித்து, முறுக்கி, டேப் சுற்றினால் போதும் என்கிறார்கள். சரியா? ஒயர், ஃபியூஸ் என்ன சைஸ்?

பன்னிரண்டு_வோல்ட்:
அப்படிச் செய்யாதீங்க அண்ணா. 110 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் வருது. ஹெட்லைட்டின் ஒயர், சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் அந்த பல்புகளுக்கு மட்டும் கணக்குப் போட்டு வைத்தவை. கூடுதல் லோடு ஏறினால் ஃபியூஸ் போகும். உடனே பெரிய ஃபியூஸ் செருகுவாங்க, அங்கேதான் ஆபத்து. ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அது பெரிசானால் ஒயர் சூடாகி, ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் உருகிப்போகும்.

தனி லைன் இழுங்க. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க, மாட்டும்போது அதுதான் கடைசி. பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். தள்ளி வைத்தால், இடையிலுள்ள ஒயர் பாடியில் உரசினாலே தீப்பிடிக்கும், தடுக்க எதுவும் இருக்காது. 10 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டாம், 9 ஆம்பியர் விடாமல் ஓடினால் சூடேறி ஒருநாள் மலைப்பாதையில் போய்விடும்.

அடுத்தது 4 பின் ரிலே, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச். பின்களில் எண் போட்டிருக்கும். ஃபியூஸிலிருந்து 30-ஆம் பின்னுக்கு, 87-லிருந்து லைட்டுகளுக்கு. இது முழுக்க 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர். டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து 86-க்கு, 85-லிருந்து எர்த்துக்கு (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் இரும்பு உடம்பு). ரிலேக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) கால் ஆம்பியர்கூட எடுக்காது, அதனால் சுவிட்ச் லைனுக்கு 0.75 போதும். சுவிட்சுக்கு சப்ளையை பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுங்க. பார்க்கிங் லைட்டை அணைத்தால் ஃபாக் லைட்டும் அணையும், மறந்து விட்டுப் போய் பேட்டரி இறங்காது.

ரிலே வாங்கும்போது மேலே 12 வோல்ட் என்று போட்டிருக்கா பாருங்க. லாரிக்கான 24 வோல்ட் ரிலே பார்க்க அதே மாதிரி இருக்கும், 12-இல் சரியா இழுக்காது. மாட்டும்போது பின்கள் கீழே பார்க்கட்டும், தண்ணீர் தேங்காது.

செம்புக்கம்பி:
மேலே சொன்னதோடு எர்த்தையும் கவனிங்க. மங்கலா எரியுது, சிமிட்டுது என்று வரும் புகார்களில் நிறைய அதில்தான் முடியும். பெயின்ட் மேலேயே லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கினால் தொடர்பு கிடைக்காது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, ரிங் லக்கை ஒயரில் கிரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கிப் பிடிக்க வைத்து), ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவணும். எர்த் ஒயரும் அதே 2.5.

ஜாயின்ட்களுக்கு கிரிம்பிங், மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்). வெறும் டேப் இன்ஜின் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். கேபினுக்குள் ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்) கட்டாயம். சைலன்சர் பைப், ஸ்டியரிங் ராடு பக்கம் ஒயர் போகவே கூடாது.

முடித்ததும் இன்ஜின் ஓட, லைட் எரிய, மல்டிமீட்டரில் பேட்டரி வோல்ட்டேஜையும் லைட் முனை வோல்ட்டேஜையும் பாருங்க. வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எங்கோ ஜாயின்ட் சரியில்லை. ஹாலஜனில் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசி போய்விடும்.

மலைப்பாதை_லோடு:
நன்றிங்க. பம்பர் போல்ட்டிலேயே எர்த் எடுக்கலாமா? பின்னாடி எல்.இ.டி.யையும் இதே ரிலேயில் சேர்க்கலாமா?

பன்னிரண்டு_வோல்ட்:
ரெண்டுமே வேண்டாம். பம்பர் போல்ட் துருப்பிடிக்கும், சேஸிஸில் எடுங்க. 18 வாட் என்றால் ஒன்றரை ஆம்பியர்தான், ரிலே தேவையில்லை. தனி 5 ஆம்பியர் ஃபியூஸ், தனி சுவிட்ச், 1 சதுர மி.மீ. ஒயர். லோடு பாடியின் தகட்டை எர்த் என்று நம்பாதீங்க, கீழே மரமும் ரப்பரும் இருக்கலாம். நெகட்டிவ் ஒயரை சேஸிஸ் வரை கொண்டுபோங்க. எல்.இ.டி.க்கு பிளஸ் மைனஸ் மாறினால் எரியாது. அந்த லைட்டை வண்டி நிற்கும்போது மட்டும் போடுங்க, ஓட்டத்தில் பின்னால் வருபவர் கண்ணைப் பறிக்கும்.

வளைவு36:
ஒயரிங் சரியாக இருந்தும் லைட்டைத் தூக்கி வைத்தால் பனியில் பயனே இல்லை. முடிந்தவரை தாழ்வாக மாட்டுங்க. சமதரையில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் குறிங்க. ஒளியின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 செ.மீ. கீழே விழணும். லோடு ஏற்றிய பிறகுதான் இதைச் செய்யணும், ஏனென்றால் பின்பக்க ஸ்பிரிங் பட்டை அமுங்கி வண்டியின் மூக்கு மேலே தூக்கும். காலி வண்டியில் சரியாக வைத்த லைட், லோடோடு போகும்போது எதிரே வருபவர் கண்ணுக்கு நேரே அடிக்கும்.

தூரம் அடிக்கும் ஸ்பாட் லைட்டை இதோடு சேர்க்காதீங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 111-ஆவது விதி, பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட் பொருத்துவதைத் தடுக்கிறது.